போலிக்கு அசல் உறுப்பு பூட்டுவதன் விலை

போலிப் பொருளுக்கு ஒரு விலை உண்டு. போலியை அசலாக்கிவிட வேண்டும் என்ற ஆசைக்கு விலை வரம்பே கிடையாது. கைக்கடிகாரப் பித்தர்கள் சிலரிடையே நிலவும் ஒரு விசித்திரமான வழக்கத்தைப் பற்றி அண்மைக் காலமாகக் கேள்விப்படுகிறேன். ரோலக்ஸ் போன்ற விலையுயர்ந்த கடிகாரத்தின் போலியை முதலில் வாங்குகிறார்கள். பிறகு அதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அசல் ரோலக்ஸ் கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். அடுத்து சாவி, அடுத்து முட்கள், அடுத்து டயல் என்று ஒவ்வொன்றாக அசல் உறுப்புகளைத் தேடிப்பிடித்துப் பூட்டிக்கொண்டே போகிறார்கள். இதற்கு எவ்வளவு செலவாகும் என்பதே அவர்கள் தமக்குள் ஓயாமல் பேசிக்கொள்ளும் கேள்வி. அந்தக் கேள்வியை நாமும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பணக்கணக்கு முடிகிற இடத்தில்தான் உண்மையான செலவுக் கணக்கு தொடங்குகிறது என்பது என் கட்சி.

போலியிலும் படிநிலைகள் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திருவிழாக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கடிகாரத்தின் முகப்பில் கிரீடமும் ரோலக்ஸ் என்ற பெயரும் இருக்கும். உள்ளே பேட்டரியில் ஓடும் மலிவான மெஷின். அதை விற்பவரும் ஏமாற்றுவதில்லை, வாங்குபவரும் ஏமாறுவதில்லை. அதற்கு மேலே உள்ளது சந்தை மொழியில் 'ஃபர்ஸ்ட் காப்பி'. எடை, மெருகு, வளையத்தின் சுழற்சி எல்லாம் அசலை ஒட்டியே இருக்கும். உள்ளே தானாகச் சாவி ஏறும் மெஷின், பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் ஈட்டா நிறுவனம் செய்யும் 2824 வகையின் சீனப் பிரதி. இந்த இரண்டாம் படியில் நிற்பவர்தான் மூன்றாம் படிக்கு ஆசைப்படுகிறார். மலிவுப் போலியைக் கட்டியவருக்கு அந்த ஆசை எழுவதே இல்லை. அசலுக்கு வெகு அருகில் வந்துவிட்டோம் என்று நினைப்பவரைத்தான் மிச்சமிருக்கும் அந்தச் சிறு இடைவெளி உறங்கவிடாமல் செய்கிறது.

பெரும்பாலும் பிரதியெடுக்கப்படுவது ரோலக்ஸின் சப்மரைனர். கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்காக 1953இல் வந்த மாதிரி இது. இன்று அதன் கடை விலை அமெரிக்காவில் ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். அதைக் கட்டியிருப்பவர்களில் பெரும்பாலோர் கிணற்றில்கூட இறங்காதவர்கள் என்பது வேறு கதை.

இனிக் கணக்குக்கு வருவோம். விலைகள் நாளுக்கு நாள் மாறுபவை. ஆகவே நான் தரும் எண்களைச் சந்தை நிலவரமாகக் கொள்ளாமல், கணக்கின் போக்கை விளக்கும் உதாரணமாக மட்டும் கொள்ளுங்கள். நல்ல போலி 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அசல் கண்ணாடிக்கும் சாவிக்கும் 25,000. டயலுக்கும் முட்களுக்கும் 70,000. முகப்பைச் சுற்றிய வளையத்துக்கு 25,000. இவற்றையெல்லாம் பொருத்தித் தரும் தொழிலாளிக்கு 20,000. ஆகக் கூடி 1,80,000 ரூபாய். இத்தனைக்கும் பிறகு உள்ளே ஓடுவது பழைய சீன மெஷினே. அசல் மெஷினையும் தேடினால் மேலும் இரண்டு, இரண்டரை லட்சம் போய்விடும். அப்போதும் கூடும் செயினும் போலியாகவே எஞ்சும். கூட்டை மாற்றலாமே என்று கேட்கலாம். ரோலக்ஸின் வரிசை எண் பொறிக்கப்பட்டிருப்பது அந்தக் கூட்டில்தான். கூட்டையும் மாற்றிய அன்று அவர் கையில் இருப்பது, கடையில் நேராக வாங்கியிருக்கக்கூடிய அதே கடிகாரம், உத்தரவாதச் சீட்டு மட்டும் இல்லாமல்; கடை விலையைவிட அதிகம் செலவாகியிருந்தாலும் வியப்பில்லை. கூட்டை மாற்றாமல் நிறுத்திய அன்று இருப்பது, பல லட்சம் விழுங்கிய போலி. இந்தப் பாதையில் எந்த மைல்கல்லில் நின்றாலும் லாபம் இல்லை.

பணத்தைவிட என்னை உறுத்துவது பொருத்தும் முறை. டயல் என்பது முகப்பில் தெரியும் வட்டத் தகடு. அதன் அடிப்புறத்தில் ஊசிபோல இரண்டு சிறு கால்கள் இருக்கும். அவை மெஷினில் அதற்கென உள்ள இரு துளைகளில் இறங்கி நின்றால்தான் டயல் அசையாமல் இருக்கும். ரோலக்ஸ் 1988இல் கொண்டுவந்த 3135 மெஷினின் விட்டம் 28.5 மில்லிமீட்டர். ஈட்டா 2824இன் விட்டம் 25.6 மில்லிமீட்டர். துளைகள் இருக்கும் இடமும் வேறு. ஆகவே அசல் டயல் போலி மெஷினில் உட்காராது. என்ன செய்கிறார்கள்? அசல் டயலின் கால்களை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய தகட்டைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள், அல்லது வேறு இடத்தில் புதுக் கால்களைப் பற்றவைக்கிறார்கள். முட்களின் துளையும் பொருந்தாவிட்டால் அதையும் குடைந்து திருத்துகிறார்கள். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று நம் ஊரில் கேட்பது வழக்கம். இங்கே அந்தப் பழமொழி உவமையாக இல்லாமல் செய்முறைக் குறிப்பாகவே ஆகிவிடுகிறது. (3135ஐயே அச்சாகப் பார்த்துச் செய்த போலி மெஷின்களும் வந்துவிட்டன, அவற்றில் வெட்டாமல் பொருத்தலாம் என்கிறார்கள். போலி முன்னேறுகிறது என்பதற்கு மேல் அதில் மகிழ ஒன்றுமில்லை.)

கால் வெட்டப்பட்ட டயல் இனி எந்த அசல் கடிகாரத்துக்கும் முறைப்படி பொருந்தாது. அதாவது, அசல் உறுப்பு போலியை உயர்த்தவில்லை; போலி அசல் உறுப்பைத் தன் நிலைக்கு இறக்கிக்கொண்டது. அந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். ரோலக்ஸ் தன் உதிரி உறுப்புகளைக் கடைவீதியில் யாருக்கும் விற்பதில்லை. சந்தைக்கு வருபவற்றில் பல, ஏதோ ஓர் அசல் கடிகாரத்தைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்றதில் கிடைத்தவை. யாரோ ஒருவர் முப்பது ஆண்டுகள் கட்டிய கடிகாரம் எங்கோ உடைபட்டு, அதன் முகம் ஒரு போலிக்கும் முட்கள் இன்னொரு போலிக்கும் போய்ச் சேர்கின்றன. ஒரு மெய் அழிந்து நான்கு பொய்கள் கொஞ்சம் அழகாகின்றன. இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 103, 104ஆம் பிரிவுகள் போலிக் குறியிடுவோருக்கும் அத்தகைய பொருளை விற்போருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றன. உறுப்புகளில் எத்தனை அசல் என்று கணக்குப் பார்த்துத் தள்ளுபடி தரும் பிரிவு எதுவும் அதில் இல்லை. அமெரிக்காவில் இதன் மறுபக்கம் வழக்காக வந்தது. பெக்கர்டைம் என்ற நிறுவனம் பழைய அசல் ரோலக்ஸ் கடிகாரங்களை வாங்கி, வேறு இடத்தில் செய்த வளையம், செயின், வைரக்கல் முதலியவற்றைச் சேர்த்து, ரோலக்ஸ் என்ற பெயரிலேயே விற்றது. மெஷின் அசல், கூடு அசல். ஆயினும் அவை போலிகளே என்ற தீர்ப்பை 2024இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அசலில் போலி உறுப்பு சேர்ந்தாலே அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்றால், போலியில் அசல் உறுப்பு சேர்ந்ததைப் பற்றி என்ன சொல்ல!

அப்படியானால் எல்லா உறுப்புகளும் ஒரே ஆலையில் பிறந்தால்தான் கடிகாரம் மெய்யானதா? இல்லை. இதற்கு ரோலக்ஸ் வீட்டுக்குள்ளேயே விடை இருக்கிறது. ரோலக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், அதைவிடக் குறைந்த விலையில் விற்பதற்காக 1926இல் டியூடர் என்ற பெயரைப் பதிவு செய்யவைத்தார். டியூடரின் பழைய சப்மரைனர்களில் கூடும் சாவியும் ரோலக்ஸுடையவை. சாவியின் மேல் ரோலக்ஸ் கிரீடமே இருக்கும். அவற்றில் பலவற்றின் உள்ளே ஓடியது ஈட்டா மெஷின். உறுப்புகளை மட்டும் பார்த்தால் நம் நண்பர்கள் பாடுபட்டுச் செய்யும் கலவைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அதன் முகப்பில் டியூடர் என்று எழுதியிருந்தது. அதனால் அது அசல். இன்று ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகிறது. கலப்பு ஒருபோதும் பொய்யாகாது, பெயர்தான் பொய்யாகும்.

நம் ஊர் உதாரணம் இதைவிடத் தெளிவானது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. ஒரு தலைமுறை ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் திருமணத்துக்குக் கட்டிய கடிகாரம் அது. 2016இல் மத்திய அரசு அந்தக் கடிகாரப் பிரிவை மூட முடிவெடுத்தது. மதுரை மாசி வீதிகளில் சிறு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு அமர்ந்திருந்த ரிப்பேர்காரர்கள் அந்தக் கடிகாரங்களை எத்தனை முறை பிரித்துப் பூட்டியிருப்பார்கள்! ஒரு ஜனதாவின் சுருள் இன்னொரு ஜனதாவுக்குப் போகும். கண்ணாடி மூன்று முறை மாறும். முள் எங்கிருந்தோ வரும். ஆனாலும் அப்பாவின் கடிகாரம் அப்பாவின் கடிகாரமாகவே இருந்தது. ஏனென்றால் அங்கே உறுப்பு மாறியது ஓட்டம் நிற்கக் கூடாது என்பதற்காக. போலி ரோலக்ஸில் உறுப்பு மாறுவது அடையாளம் மாற வேண்டும் என்பதற்காக. முன்னது மருத்துவம், பின்னது ஆள்மாறாட்டம். ஆலை மூடிய பிறகு எச்.எம்.டி.க்கும் சேகரிப்பாளர்கள் கூடிவிட்டார்கள். பழைய மெஷினில் புதிதாக வண்ணம் அடித்த டயலை ஒட்டி, ஆலையில் ஒருபோதும் பிறக்காத மாதிரிகளையெல்லாம் 'அரிய எச்.எம்.டி.' என்று விற்கிறார்கள். எளியவனின் கடிகாரத்தையும் அந்த நோய் விடவில்லை.

இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த நோய் புதிதில்லை. 1917இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தம் உரையோடு பதிப்பித்த 'இன்னிலை' என்ற நூலை நினைத்துக்கொள்கிறேன். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைப் பட்டியலிடும் பழைய வெண்பாவைப் பிரித்துப் படிப்பதில் ஓர் ஐயம் இருந்தது. பதினெட்டாவது நூல் எது என்பது தெளிவாக இல்லை. அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது 'இன்னிலை'. ஆசிரியர் பொய்கையார் என்றது. கடவுள் வாழ்த்து பாரதம் பாடிய பெருந்தேவனார் பெயரில் இருந்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்ற பகுப்பும், வெண்பா யாப்பும், பழஞ்சொற்களும் அமைந்திருந்தன. பெருந்தேவனார் அசல், பொய்கையார் என்ற பெயர் அசல், யாப்பு அசல். வ.உ.சி. தமக்குக் கிடைத்ததை நம்பியே பதிப்பித்தார். பின்வந்த அறிஞர் பலர், வையாபுரிப் பிள்ளை உட்பட, இதைப் பழைய நூலாக ஏற்கவில்லை. 1931இல் அனந்தராமையர் பதிப்பித்த 'கைந்நிலை'யே பதினெட்டாவது நூல் என்ற கருத்து வலுப்பெற்றது. இதில் நான் காணும் பாடம் ஒன்றுண்டு. அசல் உறுப்புகள் கூடக் கூடப் பொய் மெய்யாவதில்லை, கண்டுபிடிக்கத்தான் கடினமாகிறது. தூய தமிழ்ப் பெருமகன் ஒருவரின் உழைப்பும் நற்பெயரும் அந்த நூலுக்கு உரையாக அமைந்தன. கால் வெட்டப்பட்ட டயலைப் போல அவையும் வீணாயின.

யாருக்காக இந்தப் பாடெல்லாம்? நான் வசிக்கும் அலங்காநல்லூரில் மணமகனுக்குப் பெண் வீட்டார் செயின், மோதிரத்தோடு கடிகாரமும் போடுவது வழக்கம். காதுகுத்தோ வசந்த விழாவோ, ஃபிளக்ஸ் பலகையில் நிற்கும் இளைஞரின் மணிக்கட்டு கன்னத்தருகே வந்தே தீரும். அங்கே கடிகாரம் மணி பார்ப்பதற்கு அன்று. மணி பார்க்கத்தான் ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே. என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர், வளைகுடாவில் வேலை பார்ப்பவர், விடுமுறையில் வந்தபோது தம் கடிகாரத்தைக் காட்டினார். "கண்ணாடி அசல், சாவி அசல், டயல் அசல். மெஷின் மட்டும்தான் பாக்கி ஐயா" என்றார். குரலில் பெருமை இருந்தது. அதைவிட அதிகமாக ஒரு பதற்றம் இருந்தது. நம் ஊரில் அந்தக் கண்ணாடியைப் பார்த்து அசல் என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. திருவிழாக் கடைப் போலியைக் கட்டி வந்திருந்தாலும் இதே மரியாதைதான் கிடைத்திருக்கும். எங்கோ, என்றோ, லென்ஸோடு ஒருவர் எதிரே வந்து நிற்பார் என்று கற்பனை செய்து, வராத அந்தப் பரிசோதகருக்காகத் தம் பாலைவன மாதங்களை அவர் செலவிட்டிருக்கிறார்.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது. அதைப் புறந்தள்ளக் கூடாது. "ஒன்பதாயிரம் டாலர் கொடுத்து வாங்குபவன் மட்டும் மணி பார்க்கவா வாங்குகிறான்? அவனும் பெயரைத்தானே வாங்குகிறான்? உருக்கும் உழைப்பும் சேர்ந்தாலும் அந்த விலை வருமா? அப்படியிருக்க ஏழை தன் சாமர்த்தியத்தால் அதே தோற்றத்தைச் செய்துகொண்டால் உமக்கு ஏன் எரிகிறது?" இந்தக் கேள்வியின் முதற்பாதி நியாயமானது. பெயருக்குக் கொடுக்கும் விலை பகட்டின் விலை என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் பகட்டை வெறுப்பவன் அந்தப் பெயரையே தூக்கி எறிவான். அதன் கண்ணாடியையும் முள்ளையும் தனித்தனியாக விலை கொடுத்து வாங்குபவன் அந்தப் பகட்டுக்குத் தவணை முறையில் அடிமைப்படுகிறான். அவன் உடைப்பது எந்த மேட்டிமையையும் இல்லை, தன் வருமானத்தை. பிரித்துப் பூட்டுவதில் உள்ள கைத்தொழில் இன்பம் வேண்டும் என்றால் அது உயர்ந்த இன்பமே. அதற்குப் பெயரில்லாத கூட்டையும் டயலையும் வாங்கி, தன் பெயரையே எழுதிக்கொண்டு செய்யலாம். உலகில் பலர் அப்படிச் செய்கிறார்கள்.

நேர்மையான கடிகாரம் வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகாரம் செய்கிறது. மேலே சொன்ன உதாரணக் கணக்கில் சாவிக்கும் கண்ணாடிக்கும் ஆன தொகைக்குள் அதன் நல்ல கடிகாரம் ஒன்று கிடைக்கும். பழுதானால் எடுத்துக்கொண்டு போய் நிற்க ஒரு கடையும், பதில் சொல்ல ஓர் ஆளும் உண்டு. அசல் என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: பொருளின் மேல் யார் பெயர் இருக்கிறதோ அவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். எங்கள் ஊர் வாடிவாசலில் நாட்டு மாடுகளுக்கே இடம். வெள்ளிச் சலங்கையும் புதுக் கயிறும் பூட்டினால் கலப்பினக் காளை நாட்டுக் காளை ஆகிவிடாது என்று இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். மாட்டில் தெரிந்த உண்மை மணிக்கட்டில் மறந்துபோகிறது.

இறுதியாக ஒன்று. திருவிழாக் கடைப் போலி தன்னைக் கட்டியவரோடு ஆயுள் முடிந்து குப்பைக்குப் போய்விடும். யாரையும் அது கெடுக்காது. பாதி அசலான போலி அப்படிப் போகாது. அது பீரோவில் பத்திரமாக இருக்கும். அப்பா வளைகுடாவில் சம்பாதித்து வாங்கிய ரோலக்ஸ் என்று வீட்டில் பேச்சிருக்கும். எந்தெந்த உறுப்பு அசல் என்ற பட்டியல் அவர் மனத்தில் மட்டுமே இருந்தது. அவரோடு அது போய்விடும். பிறகு ஒருநாள், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மனைவியின் மருத்துவச் செலவுக்கோ, பல லட்சம் பெறும் என்ற நம்பிக்கையில் மகன் அதை எடுத்துக்கொண்டு போவான். அந்தப் பரிசோதகர் அப்போதுதான் உண்மையில் வருவார். லென்ஸை வைத்துக் கண்ணாடியைப் பார்ப்பார், முட்களைப் பார்ப்பார், தலையசைப்பார். பின்மூடியைத் திறந்து டயலின் அடியில் கால்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பார். அவர் கேட்கப்போகும் கேள்விக்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இருக்காது.